பல் அடங்கிய மிஷினும் ஒரு பஞ்சுக் கோட்டும்

அக்கா மகளுக்கு ஒன்பது வயது. தேன்கனிக்கோட்டையில் படிக்கிறாள். ஐப்பசி கழிந்துவிட்டால் அந்த ஊரில் காலைப் பனி லேசில் விலகாது. கடையில் வாங்கிய ஸ்வெட்டர் கழுத்தில் அரிக்கிறது என்று அவள் போடுவதே இல்லை. தீபாவளிக்குக் கிருஷ்ணகிரி வந்தவள், "சித்தி, நீயே துணியில ஒரு கோட் தைச்சுக் குடு. உள்ள பஞ்சு வெச்சு" என்றாள். தைப் பொங்கலுக்குள் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிளவுஸ், சுடிதார், உள்பாவாடை எல்லாம் பதினைந்து வருடமாக வீட்டுக்கு நானே தைத்துக்கொள்கிறேன். பஞ்சு வைத்துத் தைத்ததில்லை. ஆனால் ஃப்ரீ மோஷன் குயில்டிங் வீடியோக்களை ஒரு வருடமாக ராத்திரி வேலை முடிந்ததும் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்து வைத்து, மிஷின் ஊசியாலேயே வளைவும் சுழியுமாகப் படம் போட்டுக்கொண்டு போவார்கள். காகிதத்தில் எழுதும்போது காகிதம் நிற்கும், பேனா ஓடும். இதில் பேனா ஒரே இடத்தில் குத்திக்கொண்டு நிற்கும், காகிதத்தைத்தான் நாம் நகர்த்த வேண்டும். பார்க்கப் பார்க்கக் கை துறுதுறுத்தது.

மிஷின் அம்மாவுடையது. பழையபேட்டை வீட்டிலிருந்து என் கல்யாணத்தின்போது என்னோடு வந்த கறுப்புக் கால் மிஷின். சாதாரணமாகத் தைக்கும்போது துணியை இழுத்துப் போவது ஊசித்தட்டுக்குள் இருக்கும் பல். அது மேலே எழும், துணியைப் பின்னுக்குத் தள்ளும், கீழே இறங்கும், மறுபடி முன்னுக்கு வரும். இந்த நான்கு அசைவுப் பல்லுக்கு ஆலன் வில்சன் என்ற அமெரிக்கர் 1854இல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் வீட்டு மிஷின்கள் அந்த வழியில்தான் ஓடுகின்றன. ஃப்ரீ மோஷன் என்பது அந்தப் பல்லின் வேலையை நிறுத்திவிட்டு, அதை நம் இரண்டு கைகளும் எடுத்துக்கொள்வது. புது மிஷின்களில் பல்லைக் கீழே இறக்க ஒரு நெம்புகோலோ, பல்லை மூட ஒரு தட்டோ தருகிறார்கள். என் மிஷினில் இரண்டும் இல்லை.

அதனால் என்ன? தையல் நீளத்தைச் சுழியத்தில் வைத்தால் முன்னும் பின்னுமான அசைவு நின்றுவிடும். பல் மேலும் கீழும் மட்டும் ஏறி இறங்கும். அதுவும் பஞ்சுத் துணியில் உரசி, கைக்குச் சின்னச் சின்ன உதறலாகத் தெரிந்தது. காலாவதியான ஒரு பிளாஸ்டிக் கார்டை எடுத்து, ஊசி இறங்கும் இடத்தில் பழுக்கக் காய்ச்சிய கோணி ஊசியால் ஓட்டை போட்டேன். ஓட்டையின் விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தேன். சொரசொரப்பு இருந்தால் நூல் அதில் சிக்கிப் பிரியும். கார்டைப் பல்லின் மேல் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டினேன். துணி வழுக்கிக்கொண்டு போனது.

முதல் நாள் அரை மணி நேரம் தைத்தேன். மேலே பார்த்தால் தையல் ஓரளவு இருக்கிறது. திருப்பினால் அடியில் குருவிக்கூடு. நூல் பந்து பந்தாகச் சுருண்டு கிடந்தது. அடியில் சிக்கு விழுந்தால் அடிநூல் சுற்றியிருக்கும் பாபின்தான் கெட்டுவிட்டது என்று நினைப்போம். நானும் அப்படித்தான் பாபின் கேஸைக் கழற்றி, ஷட்டிலைக் கழற்றி, பிரஷ்ஷால் பஞ்சுத்தூள் எல்லாம் தள்ளி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி மாட்டினேன். பாபின் கேஸ் திருகைக்கூடக் கொஞ்சம் முறுக்கிப் பார்த்தேன். கூடு கூடாகத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை துணியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு தர்மபுரி பஸ் ஏறினேன். குமாரசாமிப்பேட்டையில் பெரியம்மா இருக்கிறார். தையல் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவர். அந்தக் காலத்தில் தெருவில் பாதிப் பேருடைய கல்யாண ரவிக்கைக்குப் பூ போட்டவர். துணியைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தார்.

"ஃபுட்டு போட்டுத்தான தைச்ச?"

"இல்ல பெரீம்மா. பஞ்சு மேல இடிக்குதுன்னு கழட்டிட்டேன்."

"கழட்டுனா கழட்டு. லிவர எறக்கினியா?"

இறக்கவில்லை. ஃபுட்டே இல்லாதபோது இறக்குவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். ஃபுட் என்பது துணியை மேலிருந்து அழுத்திப் பிடிப்பது. அதைத் தூக்கும் அந்த லிவர் மேலே இருக்கும்வரை டென்ஷன் தட்டுகள் இரண்டும் விலகியே நிற்கும். மேல்நூலைப் பிடிக்க ஆளில்லை. தளர்ந்த மேல்நூல் முழுக்க அடியில் போய்க் குவிகிறது. அடியில் சிக்கு என்றால் முதலில் பார்க்க வேண்டியது மேல்நூலை. ஃபுட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் லிவர் இறங்கியே ஆக வேண்டும்.

அப்புறம் பெரியம்மா செய்ததைத்தான் நான் இதுவரை நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். அலமாரியிலிருந்து மரவளையத்தை எடுத்தார். துணியை வளையத்தில் தலைகீழாக மாட்டினார். கை எம்ராய்டரிக்கு மாட்டுவது போலல்ல. துணி வளையத்தின் அடிப்பக்கம் படிந்து மிஷின் பலகையை ஒட்டிக் கிடக்க வேண்டும். ஃபுட்டைக் கழற்றினார், லிவரை இறக்கினார், இடது கையால் அடிநூலை மேலே இழுத்துப் பிடித்தார். கால் ஓடத் தொடங்கியது. வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்த, ஒரு இலை, அடுத்த இலை, ஒரு கொடி. எழுபதைத் தாண்டிய கை. நான் ஒரு வருடமாக வெளிநாட்டு வீடியோவில் வாய் பிளந்து பார்த்த அதே வேலை. மிஷின் எம்ராய்டரி என்று பெயர் வைத்து நம் தையல் வகுப்புகளில் எத்தனையோ வருடமாகச் சொல்லித்தந்துகொண்டிருக்கிறார்கள். நடுவில் பஞ்சு மட்டும்தான் இல்லை. சின்ன வயதில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தவள் நான். அது இதுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பது இன்னும் மனதில் உறுத்துகிறது.

அன்று அவர் சொன்ன இரண்டு விஷயங்கள். "ஊசியப் பாக்காத கண்ணு, அது அங்கயேதான் இருக்கும். அடுத்து எங்க போவணுமோ அங்க பாரு." இன்னொன்று, "கால் ஒரே சீரா ஓடணும். பயந்துகிட்டு மெதுவா மிதிச்சா கை தனியா ஓடிரும்."

இரண்டாவதுதான் எனக்கு நேர்எதிராக இருந்தது. புதிதாகத் தைப்பவர்கள் மெதுவாக மிதித்தால் பத்திரம் என்று நினைப்போம். பல் இல்லாத மிஷினில் தையலின் நீளம் காலும் கையும் சேர்ந்து முடிவு செய்வது. கால் மெதுவாகவும் கை வேகமாகவும் போனால் தையல் கால் அங்குலம் நீளும். கால் வேகம், கை மெதுவு என்றால் ஒரே இடத்தில் குத்திக் குத்தி முடிச்சாகும். அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் விழுந்தால் கண்ணுக்கு அழகு. அதற்குக் காலைக் கொஞ்சம் துணிந்து ஓடவிட்டு, கையைத்தான் நிதானப்படுத்த வேண்டும். கால் மிஷினில் இன்னொரு சங்கடமும் உண்டு. நிறுத்தி மறுபடி மிதிக்கும்போது சக்கரம் பின்னால் சுழன்றுவிட்டால் நூல் பட்டென்று அறும். எனவே நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துவிட்டு, வலது கையால் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே மிதிக்கத் தொடங்குகிறேன்.

பஞ்சுத் துணியை வளையத்தில் மாட்ட முடியாது. அதனால் ஃபுட் வேண்டும். திரும்பும் வழியில் தர்மபுரியில் ஒரு தையல் சாமான் கடையில் டார்னிங் ஃபுட் கேட்டேன். கடைக்காரருக்குப் புரியவில்லை. எம்ராய்டரி ஃபுட், ஸ்பிரிங் வெச்சது என்றதும் உடனே எடுத்துக் கொடுத்தார். அதில் பக்கவாட்டில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கம்பி ஊசியைப் பிடிக்கும் திருகின் மேல் உட்கார வேண்டும். ஊசி ஏறும்போது ஃபுட்டும் சேர்ந்து ஏறித் துணியை விடுவிக்கும், ஊசி இறங்கும்போது துணியை அழுத்தும். கம்பி திருகின் கீழே போய்விட்டால் ஊசி இறங்கும்போது அதில் மோதும். கையால் சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும்.

கைக்குப் பிடிமானம் இன்னொரு தேவை. குயில்ட் தைப்பவர்களுக்கென்றே ரப்பர் ஒட்டிய கையுறை விற்கிறார்கள். நான் ஹார்டுவேர் கடையில் ரப்பர் புள்ளி வைத்த காட்டன் கையுறை வாங்கினேன். நூல் கோக்க வசதியாகக் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல் நுனியை மட்டும் வெட்டிவிட்டேன். வெறுங்கையால் துணியை நகர்த்தினால் தோள் இறுகிப்போகும். கையுறை போட்டால் விரல் நுனி பட்டாலே துணி வருகிறது.

அடுத்த மூன்று வாரம் தினம் இருபது நிமிடம் பழகினேன். அப்பாவின் பழைய வேட்டியை 12 அங்குலச் சதுரங்களாக வெட்டி, நாலடுக்காக வைத்துத் தைத்தேன். பழந்துணியை அடுக்கி ஓட்டுத் தையல் போடுவது வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, கர்நாடகத்தில் கௌதி. நம் வீடுகளிலும் பிள்ளை பிறந்தால் பழம்புடவையை மடித்து ஓரம் தைத்துப் போடுவோம். அதனால் வேட்டி அடுக்கு எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

என்ன வடிவம் போடுவது என்பதில்தான் நாள் போனது. ஒரே கோட்டில், கை எடுக்காமல் போக வேண்டும் என்றால் யாருக்கும் சிக்குக் கோலம்தான் ஞாபகம் வரும். 5 புள்ளி நேர்வரிசையில் சாக்பீஸால் வைத்துத் தொடங்கினேன். தரையில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கோலம். துணியில் வரவில்லை. காரணம் பிறகு புரிந்தது. சிக்குக் கோலத்தில் கோடு தன்னைத்தானே குறுக்கே வெட்டிக்கொண்டே போகும். தரையில் கை ஒரு நூல் தள்ளிப் போனாலும் மாவுக்கோட்டின் பருமனில் மறைந்துவிடும். இங்கே கோடு ஒற்றை நூல். ஒரு வளைவு கொஞ்சம் சரிந்தால் அடுத்த நாலு வெட்டும் இடமும் சரியும். அதோடு எல்லாச் சிக்குக் கோலமும் ஒரே இழையில் முடிவதில்லை. சிலவற்றுக்கு இரண்டு, மூன்று இழை வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் நூலை அறுத்து முடிச்சிட வேண்டும். நாலு நாள் பிடிவாதமாக முயன்றேன். அதில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்தேன்.

வந்தது மாங்காய். பட்டுப் புடவைக் கரையில் இருக்கும் அதே மாங்காய். நுனியில் தொடங்கி, ஒரு பக்கம் ஏறி, மேலே வளைந்து, மறுபக்கம் இறங்கி, அதே நுனிக்கு வந்து சேர வேண்டும். வந்த வேகத்தில் கால் அங்குலம் வெளியே தள்ளி இன்னொரு சுற்று. அப்புறம் இன்னொன்று. கடைசிச் சுற்றில் எந்த இடத்தில் இடம் காலியாக இருக்கிறதோ அதுவரை போய், அங்கிருந்து அடுத்த மாங்காயின் நுனி. ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால் அழகு கூடுகிறது. ஒரு கோடு சரிந்தாலும் அடுத்த சுற்று அதைச் சரிக்கட்டிவிடும். ஆனி மாதம் மண்டி நிறைய மாங்காய் குவியும் ஊர்க்காரிக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

பழகும்போது வந்த ஒரு குறையையும் எழுத வேண்டும். வளைவுகளில் மட்டும் அடிப்பக்கம் கண்ணிமை முடி மாதிரி குட்டிக் குட்டி நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நேர்கோட்டில் சரியாக இருந்தது. வளைவில் கை சட்டென்று வேகமெடுப்பதுதான் காரணம். மேல் டென்ஷனைச் சற்று முறுக்கி, வளைவு வரும்போது கையைத் தளர்த்தினேன். பெரும்பாலும் போய்விட்டது. மேலேயும் அடியிலும் ஒரே நிற நூல் போட்டால், மிச்சம் இருக்கிற குறை கண்ணில் படாது. ஊசி 14ஆம் நம்பர். இரண்டு ஊசி உடைந்தது, இரண்டும் ஊசி துணிக்குள் இருக்கும்போது நான் துணியை வெடுக்கென்று இழுத்ததால். முனை மழுங்கிய ஊசி பஞ்சில் டப் டப் என்று சத்தம் போடும். அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

துணிக்குப் பர்கூர் போனேன். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மொத்தவிலைத் துணி என்றால் பர்கூர்தான், அரை மணி நேர பஸ். மேல்துணிக்குக் கருநீலக் காட்டன், அடித்துணிக்கு மெல்லிய மஞ்சள் காட்டன், ஓரத்துக்குச் சிவப்பு. மூன்றையும் தைப்பதற்கு முன்பே நனைத்தேன். சிவப்பு மூன்று அலசலுக்குப் பிறகும் சாயம் விட்டது. நனைக்காமல் தைத்திருந்தால் மஞ்சள் பாழாகியிருக்கும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தும் நிற்காததால் சிவப்பை ஒதுக்கிவிட்டு, என் பழைய மெரூன் சுங்குடிப் புடவையிலிருந்து ஓரத்துணி எடுத்துக்கொண்டேன். துவைத்துத் துவைத்து அதன் சாயம் போக வேண்டியதெல்லாம் எப்போதோ போய்விட்டது.

நடுவில் வைக்க இலவம் பஞ்சு வேண்டாம். தலையணைக்கு அதைவிட நல்லது இல்லை, ஆனால் கோட்டில் அது ஒரு பக்கமாக ஒதுங்கிக் கட்டி கட்டியாகும். மெத்தைக் கடையில் மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு ஷீட் வாங்கினேன். ஒரு துண்டின் மேல் அயர்ன் பாக்ஸைக் காட்டன் சூட்டில் வைத்துப் பார்த்தேன். அப்பளம் மாதிரி ஒட்டி விறைத்துப்போனது. அதனால் பஞ்சு வைத்த பிறகு அயர்ன் கிடையாது. துணிகளை முன்பே அயர்ன் செய்துகொள்ள வேண்டும்.

இனி நான் செய்த பெரிய தப்பு. பிளவுஸ் தைத்த பழக்கத்தில், அளவெடுத்து, பேட்டர்ன் வெட்டி, அதன்படி மூன்று அடுக்கையும் வெட்டி, அதற்குப் பிறகு குயில்ட் செய்தேன். பிள்ளைக்கு மார்புச் சுற்று 26 அங்குலம். கவுனுக்கு மேல் போடும் கோட், பஞ்சின் பருமனும் உண்டு என்பதால் 32 அங்குலம் கணக்கு. முதுகுத் துண்டு தையல் சேர்த்து 17, முன்துண்டு ஒவ்வொன்றும் 9. மாங்காய் நிறைத்து முடித்துவிட்டு அளந்தால் முதுகு 16¼. முன்துண்டில் வலது 8½, இடது 8¾. ஒவ்வொரு தையலும் துணியைப் பஞ்சுக்குள் அமுக்கும்போது கொஞ்சம் அகலத்தைத் தின்றுவிடுகிறது. நெருக்கமாகத் தைத்த பக்கம் அதிகமாகச் சுருங்குகிறது. மொத்தத்தில் 1½ அங்குலம் போய்விட்டது, இரண்டு முன்பக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. எட்டு நாள் வேலை. அன்று ராத்திரி மிஷினை மூடிவிட்டேன்.

மறுபடி தொடங்கியது இப்படி. துணியைப் பேட்டர்ன் வடிவில் வெட்டவே இல்லை. எல்லாப் பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வைத்து வெறும் நீள்சதுரமாக வெட்டினேன். மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, அடித்துணியின் நான்கு மூலையையும் டேப்பால் ஒட்டி, நான்கு விரல் இடைவெளியில் ஊக்கு குத்தினேன். தைக்கும்போது நடுவில் தொடங்கி ஓரங்களை நோக்கிப் போனேன். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி மிஞ்சிக் கொசுவம் விழும். முதல் முறை எனக்கு அதுவும் நடந்தது. முழுவதும் தைத்து முடித்த பிறகுதான் பேட்டர்னை மேலே வைத்து டைலர் சாக்கால் வரைந்தேன். வெட்டுவதற்கு முன் அந்தச் சாக் கோட்டுக்குச் சற்று உள்ளே ஒரு இழை சாதாரணத் தையல் ஓட்டினேன். இதற்குக் கார்டை எடுத்துவிட்டு, பல்லுக்கு மறுபடி வேலை கொடுக்க வேண்டும். அந்தத் தையல் இல்லாமல் கத்தரித்தால், வெட்டுப்பட்ட மாங்காய்க் கோடுகள் ஒவ்வொன்றாகப் பிரியத் தொடங்கும்.

இரண்டாவது முறை ஐந்தே நாளில் முடிந்தது. கையும் அதற்குள் திருந்தியிருந்தது. தோளையும் பக்கத்தையும் சேர்க்கும்போது தையலுக்குள் வரும் பஞ்சை மட்டும் கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்தேன். இல்லாவிட்டால் அக்குளில் மொத்தையாக நிற்கும். உள்ளே தெரியும் தையல் விளிம்புகளை ஒரு பக்க மஞ்சள் துணியாலேயே மடித்து மூடிக் கையால் ஹெம்மிங் செய்தேன். கை வைக்கவில்லை, பிள்ளை ஓடியாடுவதற்குத் தோள் தளர்வாக இருக்கட்டும்.

கழுத்துக்கும் கை வளைவுக்கும் சுங்குடியில் கிராஸ் பட்டி. 2¼ அங்குல அகலம், துணியின் மூலைக்கு மூலை 45 பாகைச் சாய்வில் வெட்டியது. நேர்ப்பட்டி வளைவில் உட்காராமல் விறைத்து நிற்கும். கிராஸ் பட்டி இழுபடும் என்பதால் கழுத்தோடு போய்ப் படியும். ஆனால் கழுத்தில் பட்டியைக் கொஞ்சம் இழுத்தும் கை வளைவில் இழுக்காமலும் தைக்க வேண்டும் என்பது ரவிக்கை தைத்த அனுபவத்தில் கைக்கே தெரிந்தது. இந்த இடத்தில் மட்டும் 16ஆம் நம்பர் ஊசி. அடுக்கு கூடிய இடங்களில் மிதிக்காமல், சக்கரத்தைக் கையாலேயே சுற்றி ஒவ்வொரு தையலாகப் போட்டேன்.

கோட்டை நனைத்துக் காயவைத்ததும்தான் அதன் உண்மையான உருவம் வந்தது. சோப்பு தண்ணீரில் சாக் கோடுகள் போய், காட்டன் இன்னும் ஒரு பிடி சுருங்கி, ஒவ்வொரு மாங்காயும் உப்பி எழுந்து நின்றது. விரலால் தடவினால் வரப்பும் வயலும் மாதிரி இருந்தது. மார்புச் சுற்று 32க்கு ஒரு நூல் குறைவு.

பொங்கலுக்கு முந்தின நாள் அக்கா வந்தாள். பிள்ளை போட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாடி முன்னால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "பாக்கெட் எங்க சித்தி?" என்றாள். பாக்கெட்டை நான் யோசிக்கவே இல்லை. அவள் கழற்றிக் கொடுத்தாள், நான் அலமாரியைத் திறந்தேன். வேட்டித் துணியில் சரியாக வராத அந்த 5 புள்ளிக் கோலம் மடித்து வைத்தபடி இருந்தது. அதை 5 அங்குலச் சதுரமாக நறுக்கி, ஓரம் மடித்து, கோட்டின் இடது உள்பக்கம் அடித்துணியோடு மட்டும் கைத்தையலில் பொருத்தினேன். வெளியே ஒரு தையல்கூடத் தெரியவில்லை. அவள் பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி அதற்குள் போட்டுக்கொண்டாள்.